தாமுவே சாயங்கால கிளினிக்: எப்போது பயப்பட வேண்டும் என்று சொல்லித் தருகிற சயாமா

பர்மாவில், யாங்கோனில் (பழைய ரங்கூன்) நல்ல டாக்டர் யார் என்று என்னிடம் கேட்கிறவர்கள் நிறையப் பேர். இந்த ஊரின் தாமுவே பகுதியில் 22 வருடமாக இட்லிக் கடை வைத்திருக்கிறேன். காலையில் வருகிறவர்கள் சட்னி கேட்கும்போதே வீட்டில் யாருக்கு என்ன நோவு என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். எல்லோருக்கும் நான் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறேன். ஆனால் ஏன் அந்த இடம் என்று கடையில் நின்றுகொண்டு விளக்க முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

டாக்டரின் பெயரைப் போடவில்லை. எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, "பெயர் வேண்டாம் அக்கா, இருக்கிற கூட்டமே தாங்கவில்லை" என்றார். தாமுவே சந்தைப் பக்கம் வந்து, தமிழ் பேசுகிற சயாமா எங்கே என்று பூக்காரர்களிடம் கேளுங்கள், காட்டுவார்கள். (வெளியூரில் இருந்து படிக்கிறவர்களுக்கு: இங்கே வாத்தியாரையும் டாக்டரையும் ஆண் என்றால் சயா, பெண் என்றால் சயாமா என்போம்.)

இடம் சின்னது. பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரே அறை, நடுவில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் இரண்டு பெஞ்சு, அந்தப் பக்கம் சயாமாவின் மேஜை. ஸ்கேன் இல்லை, எக்ஸ்ரே இல்லை. பிரஷர் பார்க்கும் பட்டை பெரியவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, எடை பார்க்கும் மிஷின், சர்க்கரை பார்க்கும் மிஷின், டார்ச் லைட். கரண்ட் போனால் பேட்டரி விளக்கு. சயாமாவுக்கு அறுபது வயது இருக்கும். சின்ன வயதில் ஐராவதி டெல்டா பக்கம் ஒரு டவுன்ஷிப் ஆஸ்பத்திரியிலும், அப்புறம் பெகு ஊரிலும் வேலை பார்த்தவர். தமிழ்க் குடும்பம்தான். தமிழ் நன்றாகப் பேசுவார், தமிழில் எழுதப் படிக்கத்தான் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட நேரம். என் பெரிய மகளின் பையனுக்கு ஏழு வயது. நல்ல காய்ச்சல். முதலில் வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறு ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனோம். போனதும் ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது, ராத்திரி திரும்ப ஏறியது. மறுநாள் இன்னொரு ஊசி. என்ன ஊசி என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எப்போது திரும்பி வரவேண்டும் என்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் காலையில் பையன் உடம்பு குளிர்ந்துவிட்டது. காய்ச்சல் விட்டது என்று நான் சாமிக்குச் சூடம் ஏற்றிவிட்டுக் கடையைத் திறந்தேன்.

மத்தியானம் வீட்டுக்குப் போனால் பிள்ளை சுருண்டு படுத்திருக்கிறான். வயிற்றை வலிக்கிறது என்கிறான். இரண்டு தடவை வாந்தி. காய்ச்சல்தான் இல்லையே, மூன்று நாள் சரியாகச் சாப்பிடாத அசதியாக இருக்கும் என்று மகள் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் மனது கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு போய் சயாமாவின் பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் பதினைந்து பேர்.

சயாமா ஒரு கிழவரை வழியனுப்பத் திரையை விலக்கினார். பையன் என் மடியில் கிடப்பதைப் பார்த்தார். கிட்டே வந்தார். எல்லோரும் நெற்றியைத் தொடுவார்கள், அவர் பாதத்தைத் தொட்டார். இரண்டு பாதத்தையும் பிடித்துப் பார்த்தார், அப்புறம் கையை. பிறகு அவன் விரல் நகத்தை அழுத்திப் பிடித்துவிட்டு விட்டார். நகம் வெளுத்துப் போனது. அது திரும்பச் சிவக்கும்வரை வாய்க்குள் எண்ணினார். இரண்டு எண்ணுவதற்குள் சிவந்துவிட வேண்டுமாம். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு எண்ணியும் அது வெள்ளையாகவே இருந்தது.

அடுத்தடுத்துக் கேள்வி. காய்ச்சல் எந்தக் கிழமை ஆரம்பித்தது, காலையா சாயங்காலமா? கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனான்? காலையில் எழுந்ததும் போனவன்தான் என்று அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. பிள்ளைகள் பட்டையைக் கட்டிப் பிரஷர் பார்த்தார். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இருக்க வேண்டிய இடைவெளி குறுகிவிட்டது, இது டெங்கு, இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதினார். அதில் காய்ச்சல் ஆரம்பித்த நாள், நேரம், ஒண்ணுக்குப் போன நேரம், பிரஷர், ஊசி போட்ட விவரம் எல்லாம் இருந்தது. உப்புச் சர்க்கரைத் தண்ணீர் பாக்கெட் ஒன்றைக் கரைத்துக் கொடுத்து, வழியெல்லாம் ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டச் சொன்னார். டாக்ஸி பிடிக்கக் கம்பவுண்டர் பையனை ஓடவிட்டார். எங்களிடம் காசு வாங்கவில்லை.

அங்கே போனதும் சீட்டைப் பார்த்து உடனே டிரிப் ஏற்றினார்கள். மூன்று நாள் இருந்தோம். பிள்ளை பிழைத்தான். இப்போது ஒன்பது வயது. கடையில் காசு எண்ணித் தருகிறான்.

பிறகு ஒரு நாள் நன்றி சொல்லப் போனபோது, உட்காரவைத்துச் சொன்னார். "அக்கா, மற்றக் காய்ச்சலில் சூடு இறங்கினால் நிம்மதியாகத் தூங்கலாம். டெங்குவில் சூடு இறங்குகிற அன்றைக்குத்தான் கண் விழிக்க வேண்டும்." காய்ச்சல் மூன்று நாளில் இருந்து ஏழு நாளுக்குள் இறங்கும். அந்த நேரத்தில்தான் சிலருக்கு ரத்தக் குழாயில் இருந்து நீர்ச்சத்து வெளியே கசிகிறது. ஒரு நாள், இரண்டு நாள் அந்தக் கசிவு இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் பயமில்லை. அந்த நேரத்தில் உடம்பு சில்லிடும், வயிறு வலிக்கும், பிள்ளை சுருண்டுகொள்ளும். காய்ச்சல் விட்டது என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள்.

ரங்கூனில் 1970இல்தான் முதன்முதலாக டெங்கு ரத்தக் காய்ச்சல் பெரிதாகப் பரவியது. அந்த வருடம் வார்டில் நின்ற டாக்டர்களிடம் படித்தவர் இவர். ஆனால் பாதத்தைத் தொடுவது புத்தகத்தில் படித்ததால் வந்த பழக்கம் இல்லை என்றார். டெல்டாவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், காய்ச்சல் விட்டுவிட்டது என்று ஒரு பெண் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவைத்தாராம். ராத்திரியே படகில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "அதற்கப்புறம் நான் நெற்றியைத் தொடுவதில்லை" என்று மட்டும் சொன்னார்.

இப்போது காய்ச்சலோடு வருகிற எந்தப் பிள்ளையின் வீட்டாரையும் அவர் மருந்தோடு மட்டும் அனுப்புவதில்லை. பாராசிட்டமால் தருவார். ஆஸ்பிரின், புரூஃபன் வகை எதுவும் வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டிவிடும் என்பார். சிவப்பாகவோ கறுப்பாகவோ எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள் என்பார். வாந்தி எடுத்தால் அது ரத்தமா, குடித்த கலரா என்று தெரியாமல் போய்விடுமாம். அது எனக்கு ஜென்மத்துக்கும் தோன்றியிருக்காது. கடைசியாக, இன்ன கிழமையில் இருந்து இன்ன கிழமை வரைக்கும் கவனம் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டுவார். விடாமல் வாந்தி, வயிற்று வலி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, ஆறு மணி நேரமாக ஒண்ணுக்குப் போகாதது, இதில் ஒன்று வந்தாலும் என்னைத் தேடி வராதே, நேராக ஆஸ்பத்திரிக்குப் போ என்பார். நான் பார்த்த வேறு டாக்டர்கள் மருந்து தந்திருக்கிறார்கள், ஊசி போட்டிருக்கிறார்கள். எப்போது பயப்பட வேண்டும் என்று கிழமை சொல்லி அனுப்பியவர் இவர் ஒருவர்தான்.

போன வருடம் நடந்ததை எழுதுவதற்கு எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். சின்ன மகளுக்குப் பெண் குழந்தை. நான்தான் பத்தியம் பார்த்தேன். என் அம்மா எனக்கு எப்படிப் பார்த்தாரோ அப்படியே. வெள்ளைச் சோறு, மிளகு ரசம், வறுத்த கருவாடு, பூண்டு. பருப்பு வாயு என்று தள்ளிவைத்தேன், காய்கறி குளிர்ச்சி என்று தள்ளிவைத்தேன், முட்டையும் தரவில்லை. பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மாவும் அவர் மகளுக்கு இப்படித்தான் செய்தார். மூன்று மாதம் ஓடியது.

குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லை. மூச்சு வேகமாக வாங்கியது. சளி என்று நினைத்து மார்பில் தைலம் தடவினோம். அப்புறம் ஒரு விஷயம் நடந்தது. குழந்தை அழுகிறது, வாய் திறந்திருக்கிறது, முகம் சிவக்கிறது, சத்தம் வரவில்லை. காற்றுதான் வருகிறது.

சயாமாவிடம் தூக்கிப்போனோம். அவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்ட கேள்வி: "அக்கா, வீட்டில் சோறு எப்படி ஆக்குகிறீர்கள்?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. அரிசியை நாலு தண்ணீர் கழுவுவேன், தண்ணீர் தெளியும்வரை. பொங்கியதும் கஞ்சியை வடித்துவிடுவேன். மகள் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார், சொன்னேன். மகளிடம் கால் மரத்துப் போகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை.

உடனே வைட்டமின் பி1 ஊசி ஒன்றை எடுத்துக் குழந்தைக்குப் போட்டார். ஊசி கேட்டு வருகிறவர்களை வெறும் கையோடு திருப்பி அனுப்புகிறவர் அவர். அப்படிப்பட்டவர் அவ்வளவு அவசரமாக ஊசி போட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். போட்டுவிட்டுச் சீட்டு எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மூச்சு இரைப்பு அன்று ராத்திரியே தணிந்தது. குரல் வர மூன்று நாள் ஆனது. மூன்றாம் நாள் காலையில் அவள் வீரிட்டு அழுததைக் கேட்டு, வராந்தாவில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

தீட்டிய வெள்ளை அரிசியில் பி1 சத்து ஏற்கெனவே போய்விடுகிறது. கழுவினால் இன்னும் கொஞ்சம், வடித்தால் மிச்சத்திலும் நிறையப் போகிறது. பத்தியத்தில் இருக்கிற தாய்க்கு வேறு வழியில் வருவதும் இல்லை. தாயிடம் இல்லாவிட்டால் பாலில் இல்லை. குழந்தையின் இதயம் தளர்ந்துவிடும், குரல் போகும், சில மணி நேரத்தில் உயிரே போகலாம். பெரிபெரி என்று பெயர். பர்மாவில் இரண்டு, மூன்று மாதக் குழந்தைகளுக்கு இது வருவது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியவில்லை. சயாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "பத்தியம் வைத்தது பாசத்தில்தானே. பாசத்தை விட வேண்டாம், பருப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார். பயறு, பருப்பு, நிலக்கடலை, முட்டை, சாப்பிடுகிறவர்களுக்குப் பன்றிக்கறி. அரிசியை ஒரு தண்ணீர் கழுவினால் போதும், கஞ்சியை வடிக்காமல் பொங்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது வடிதட்டே இல்லை.

என் அம்மாவுக்கு 78 வயது, சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். அவர் விஷயத்திலும் இப்படித்தான், வீட்டைக் கேட்டுவிட்டுத்தான் வைத்தியம். எங்கள் தெருவில் கரண்ட் நாலு மணி நேரம் வந்தால் எட்டு மணி நேரம் போகிறது. ஃபிரிட்ஜை நம்ப முடியாது. நான் ஐஸ் வாங்கி அதன்மேல் மருந்தை வைத்திருந்தேன். உறைந்துபோன இன்சுலின் கெட்டுப்போன இன்சுலின், தூக்கிப் போடுங்கள் என்றார். அதற்குப் பதிலாக அவர் சொன்ன வழி: பெரிய மண்பானைக்குள் சின்ன மண்பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத் துணி, நிழலில் வைத்து மணலை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏப்ரல் வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது. திறந்து உபயோகிக்கிற புட்டியை நாலு வாரத்துக்குமேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று, திறந்த தேதியைப் புட்டியில் அவரே எழுதிக் கொடுப்பார்.

ஒவ்வொரு தடவையும் அம்மாவின் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்ப்பார். தூண்டில் நரம்பு ஒரு துண்டு வைத்திருக்கிறார். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, அது வளையும் அளவுக்குப் பாதத்தில் ஒவ்வொரு இடமாகத் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்பார். பெருவிரலில் அம்மாவுக்குத் தெரியவில்லை. அம்மன் கோயில் தீமிதிக்கு அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். சயாமா தடுத்துப் பேசவில்லை. "சுட்டால் உங்களுக்குத் தெரியாது பாட்டி, புண் ஆனாலும் தெரியாது. உங்களுக்காகப் பேரன் இறங்கட்டும், நீங்கள் மஞ்சள் தண்ணீர்க் குடம் எடுங்கள்" என்றார். அம்மா ஒத்துக்கொண்டார். நாங்கள் சொல்லி எத்தனையோ நாள் கேட்காதவர்.

மேஜையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. அதில் நிறைய சின்ன பிளாஸ்டிக் பொட்டலங்கள். கைகால் குடைச்சல், முட்டிவலி என்று போனால் சில கடைகளில் நாலைந்து மாத்திரையைக் கலந்து கட்டித் தருவார்களே, அவைதான். வருகிறவர்களிடம் இருந்து வாங்கிப் போட்டது. அம்மாவின் பொட்டலமும் அதில் இருக்கிறது. சாப்பிட்டால் அன்றே வலி பறந்துவிடும், முகம் உப்பும், சர்க்கரை ஏறும், வயிறு புண்ணாகும். மலம் தார் மாதிரி கறுத்தால் உள்ளே ரத்தம் போகிறது என்று அர்த்தம். ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் பயந்துபோய்ப் பொசுக்கென்று நிறுத்தவும் கூடாது. அதில் ஸ்டீராய்டு இருக்கலாம், டாக்டர் கணக்குப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் அப்படிப் பொட்டலம் இருந்தால், பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

கடையில் வேலை செய்கிற பையனுக்கு இரண்டு வாரத்துக்குமேல் இருமல். மருந்து தராமல் சளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். டிபி. அரசாங்க மருந்து இலவசம், ஆறு மாதம். காலி மாத்திரைப் பட்டையைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி ஆறு மாதமும் விடவில்லை. பெகு பக்கம் வயல் வைத்திருக்கிற என் மாமாவுக்குக் கண்ணாடி விரியனைப் பற்றி அவர் சொன்னது தனியாக எழுத வேண்டிய அளவுக்கு இருக்கிறது. சுருக்கமாக: கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, காலை ஆட்டாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு.

குறைகளும் உண்டு. திரை துணிதான், உள்ளே பேசுவது பெஞ்சுவரை கேட்கும். பெண்கள் சில விஷயங்களைச் சொல்லக் கூசுகிறார்கள். என் மகளே ஒரு தடவை வாயைத் திறக்காமல் திரும்பி வந்தாள். பலகையில் ஒரு தடுப்பு அடிக்கலாம் என்று நானும் சொல்லிவிட்டேன், இன்னும் நடக்கவில்லை. கம்பவுண்டர் பையன் வயதானவர்களிடம் வெடுக்கென்று பேசுகிறான். சீட்டு பர்மிய எழுத்தில்தான் இருக்கும். தமிழ் மட்டும் தெரிந்த கிழவிகளுக்குக் கஷ்டம், ஆனால் மருந்து உறையில் சூரியனும் நிலாவும் வரைந்து காலையா ராத்திரியா என்று காட்டிவிடுகிறார். காத்திருக்கிற நேரம் அதிகம், இரண்டு மணி நேரம் சாதாரணம். திங்கட்கிழமை மூன்றும் ஆகும். ஒவ்வொருவரிடமும் பொறுமையாகப் பேசினால் அப்படித்தான் ஆகும், எனக்கு அதில் வருத்தமில்லை. போனில் பேசமாட்டார். ராத்திரி அவசரத்துக்கு இந்த இடம் உதவாது.

பார்க்கிற காசும் மூன்று நாள் மருந்தும் சேர்த்து எனக்கு 12,000 சாட்டுக்கு (பர்மா காசு) மேல் ஆனதில்லை. முடியாதவர்களிடம் வாங்காமல் விட்டதையும் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் நாலரைக்குத் திறந்து எட்டுக்கு மூடுவார், ஞாயிறு இல்லை. டோக்கன் 30 வரைக்கும்தான், நாலு மணிக்கே வந்து வாங்கிவிடுங்கள். சர்க்குலர் ரயிலில் வருகிறவர்கள் தாமுவே ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். வீட்டில் சாப்பிடுகிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். காய்ச்சல் என்றால் அது எந்தக் கிழமை, எந்த நேரத்தில் ஆரம்பித்தது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு வாருங்கள், முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.